நீலத் திரை வந்தால் உடனே ஃபார்மேட் போடாதீர்கள்

பிள்ளைகளின் படிப்புக்கு வாங்கிய லேப்டாப் திடீரென நின்று, நீலத் திரையைக் காட்டிவிட்டு (விண்டோஸ் 11-இன் புதிய பதிப்பில் கருப்புத் திரை) தானாகவே மறுபடி ஆன் ஆகிறதா? கடைக்குக் கொண்டுபோனால் சிலர் "மதர்போர்டு போய்விட்டது" என்பார்கள். சிலர் "ஃபார்மேட் போட்டால் சரியாகிவிடும்" என்பார்கள். முதலாவதில் பணம் போகும். இரண்டாவதில் நிக்காஹ் போட்டோக்களும், ஸ்காலர்ஷிப்புக்காக ஸ்கேன் செய்து வைத்த சான்றிதழ்களும் போய்விடும். சம்மதிக்கும் முன் டிரைவரைச் சோதித்துப் பாருங்கள் என்கிறோம்.

வைஃபை, பிரிண்டர், டிஸ்பிளே போன்ற ஒவ்வொரு பாகத்தையும் விண்டோஸோடு பேச வைக்கும் சிறு மென்பொருள்தான் டிரைவர். பல டிரைவர்கள் விண்டோஸின் உள்மையத்திலேயே ஓடுவதால், அவற்றில் பிழை வந்தால் மொத்தக் கணினியும் நின்றுவிடலாம். 2024 ஜூலை 19 அன்று நடந்தது நினைவிருக்கலாம். கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் அனுப்பிய ஒரு தவறான கோப்பை அதன் டிரைவர் படித்ததும், உலகெங்கும் சுமார் 85 லட்சம் கணினிகள் முடங்கின. விமான நிலையங்களும் மருத்துவமனைகளும் திணறின. அத்தனை கணினிகளிலும் பாகங்கள் நன்றாகவே இருந்தன. சேஃப் மோடில் ஆன் செய்து அந்தக் கோப்பை நீக்கியதும் அவை எழுந்துகொண்டன.

உங்கள் வீட்டிலும் அதே வழிதான். முதலில் அந்தத் திரையைப் போனில் படம் எடுங்கள். அதில் 'எஸ்.ஒய்.எஸ்.' என்று முடியும் கோப்பின் பெயர் இருந்தால், அநேகமாக அதுதான் துப்பு. பிறகு சேஃப் மோடில் ஆன் செய்யுங்கள். அங்கே தேவையான டிரைவர்கள் மட்டுமே ஓடும். அதில் நிற்காமல் ஓடினால் சந்தேகம் டிரைவர் மீதுதான். அங்கும் நின்றால் ரேம், ஹார்ட் டிஸ்க், சூடு ஆகியவற்றைப் பார்க்கவேண்டும். சேஃப் மோடில் இருக்கும்போதே முக்கியமான கோப்புகளைப் பென்டிரைவில் எடுத்துவிடுங்கள். அடுத்து டிவைஸ் மேனேஜரில் அந்தப் பாகத்தின் மீது வலது கிளிக் செய்து, பிராப்பர்டீஸில் 'ரோல் பேக் டிரைவர்' கொடுத்தால் பழைய டிரைவர் திரும்பும். அந்தப் பட்டன் மங்கலாக இருந்தால், லேப்டாப் கம்பெனியின் தளத்திலிருந்து உங்கள் மாடலுக்கான டிரைவரை இறக்குங்கள். 'எல்லா டிரைவரையும் இலவசமாக அப்டேட் செய்கிறோம்' என்று விளம்பரம் வரும் மென்பொருள்கள் பக்கம் போகவே வேண்டாம்.

ஃபர்ம்வேர் சற்று வேறு. அது சிப்பிலேயே பதிந்திருக்கும். பயாஸ் அந்த வகைதான். பயாஸ் அப்டேட்டால் சில கோளாறுகள் தீரும். ஆனால் பாதியில் கரண்ட் போனால் லேப்டாப் ஆன் ஆகாமலே போய்விடலாம். சார்ஜரை மாட்டி, பேட்டரியும் நிறைந்த பிறகே தொடங்குங்கள். யு.பி.எஸ். இல்லாத டெஸ்க்டாப்பில் செய்யாதீர்கள்.

இன்னொன்று: பல புதிய லேப்டாப்களில் பிட்லாக்கர் பூட்டு தானாகவே போடப்பட்டிருக்கும். பயாஸை மாற்றினால் அது 48 இலக்க ரெக்கவரி கீயைக் கேட்கலாம். அந்தக் கீ பெரும்பாலும் லேப்டாப்பை முதலில் அமைத்தபோது கொடுத்த மைக்ரோசாப்ட் கணக்கில் இருக்கும். எந்த மெயில் ஐடி கொடுத்தோம் என்று பிள்ளைகளிடம் இன்றே கேட்டு, கீயை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.