பெயர்கள் கூறும் வரலாறு

ஒரு சமுதாயம் அடைந்த மாற்றங்களை அறிய விழைவோர் அதன் சட்டங்களை மட்டும் ஆராய்ந்தாற் போதாது; அது மக்களை எப்பெயரால் அழைத்தது என்பதையும் நோக்குதல் வேண்டும். 1955இல் இத்தாலியோடும் 1961இல் துருக்கியோடும் உடன்படிக்கை செய்து தொழிலாளரை வரவழைத்தது மேற்கு ஜெர்மனி. அவர்களை அந்நாட்டார் ‘காஸ்ட்ஆர்பைட்டர்’ என்றனர். விருந்தினராய் வந்த தொழிலாளர் என்பது பொருள். விருந்தினர் ஒருநாள் விடைபெற்றுச் செல்வர் என்னும் எண்ணம் அச்சொல்லுள்ளே பொதிந்திருந்தது. ஆனால் பலர் அங்கேயே நிலைபெற்றனர்; சொல்லும் வழக்கருகிற்று.

இரத்தோட்டை மலைச்சாரலில் வாழும் நமக்கு இது புதிய கதையன்று. ‘கூலி’ என்பது திருக்குறளிலும் பயிலும் பழஞ்சொல். உழைப்பிற்குரிய ஊதியத்தைக் குறிப்பது. தோட்டங்களிலோ ஊதியத்தின் பெயரே அதனைப் பெறுவோனின் பெயராயிற்று. ‘துண்டு’ என்பது, கடனைத் தீர்ப்போர் தொழிலாளியை ஏற்கலாம் எனத் துரை எழுதிக் கொடுத்த தாள். அச்சிறு தாள் குடும்பங்களையே கட்டி வைத்தது. 1921இல் அம்முறை ஒழிந்தது.

1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நம்மவர் ‘நாடற்றவர்’ ஆயினர். 1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பகிர்ந்தது. எஞ்சிய 150,000 பேரின் கதி 1974இலேயே முடிவாயிற்று. கப்பலேறியோர் தமிழ்நாட்டு அரசின் ஏடுகளில் ‘தாயகம் திரும்பியோர்’ எனப்பட்டனர். இங்கே பிறந்து, அந்நாட்டை ஒருநாளும் கண்டறியாதவர் அங்கே ‘திரும்புதல்’ எங்ஙனம் கூடும்? நீலகிரியில் அயலார் அவர்களைச் ‘சிலோன்காரர்’ என்றே அழைத்தனர்.

இப்பெயர்கள் யாவும் பிறர் இட்டவை. ஊதியத்தாலும் இன்மையாலும் கடல் கடந்த ஊராலும் பிறந்தவை. ‘மலையகத் தமிழர்’ என்பதோ நம்மவர் தாமே ஏற்றுக்கொண்ட பெயர். வாழும் மண்ணாற் பிறந்தது. 2003ஆம் ஆண்டின் சட்டம் நாடற்றோர்க்குப் பிரசாவுரிமை அளித்தது. எனினும், 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் தனிப்பிரிவாகத் தோன்றிய ‘இந்தியத் தமிழர்’ என்னும் பெயர் அரச பத்திரங்களினின்றும் முற்றாக நீங்கவில்லை. படிவத்தை நிரப்பும் பிள்ளை, “எதை எழுதுவது?” என்று வினவுங்கால், விடையோடு அப்பெயர்களின் வரலாற்றையும் எடுத்துரைத்தல், கல்லூரியிற் பயின்று வெளியேறிய நம் ஒவ்வொருவரதும் கடனாம்.