பொம்மைக் கப்பலும் பூட்டிய வீடும்

புனேக்குப் பக்கத்திலுள்ள கடக்வாஸ்லாவுக்கும் கடலுக்கும் நடுவே சகியாத்திரி மலை குறுக்கே நிற்கிறது. அப்படியிருந்தும் அந்த ஊர் ஏரியின் வடகரையில் ஒரு காலத்தில் கப்பல் ஒன்று இருந்தது. பெயர் எச்.எம்.எஸ். அங்கோஸ்டுரா. நிஜக் கப்பல் அல்ல, பொம்மை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், கப்பலிலிருந்து இறங்கி எதிரியின் கரையைப் பிடிப்பது எப்படி என்று சிப்பாய்களுக்குக் கற்றுக்கொடுக்க அதை வைத்திருந்தார்கள். முப்படைகளும் சேர்ந்து பழகும் பயிற்சி நிலையம் ஒன்றும் பக்கத்திலேயே இருந்தது. போர் முடிந்தது, சிப்பாய்கள் போய்விட்டார்கள், கப்பலைக் கேட்பார் இல்லை.

கைவிடப்பட்ட அந்தச் சொத்துக்கு வந்த யோகம் கொஞ்சநஞ்சமல்ல. போருக்குப் பிறகு, தரை, கடல், வான் மூன்று படைகளின் அதிகாரிகளையும் ஒரே இடத்தில் பயிற்றுவிக்க வேண்டும் என்று தலைமைத் தளபதி ஆக்கின்லெக் தலைமையிலான குழு 1946 டிசம்பரில் அறிக்கை கொடுத்தது. இடம் தேடினார்கள். ஏரி இருக்கிறது, சுற்றிலும் மலை இருக்கிறது, லோஹேகாவ் விமான தளம் அருகில் இருக்கிறது என்று கடக்வாஸ்லாவுக்குச் சாதகமாகப் பல காரணங்கள் சொன்னார்கள். அவற்றோடு, யாருக்கும் பயன்படாமல் கிடந்த அந்தப் பயிற்சி நிலையமும் பொம்மைக் கப்பலும் ஒரு காரணமாகச் சேர்ந்துகொண்டன. 1949 அக்டோபர் 6 அன்று தேசியப் பாதுகாப்பு அகாதெமிக்கு நேரு அடிக்கல் நாட்டினார். கிழக்கு ஆப்பிரிக்கப் போரில் உயிர்விட்ட இந்திய வீரர்களுக்கு நன்றியாக சூடான் நாடு 1941இல் ஒரு லட்சம் பவுண்டு கொடுத்திருந்தது. பிரிவினையில் அதில் 70,000 பவுண்டு இந்தியாவின் பங்காக வந்தது, அதை அகாதெமியைக் கட்டப் பயன்படுத்தினார்கள். அகாதெமியின் தலைமைக் கட்டடம் இன்றும் ‘சூடான் பிளாக்’தான். 1954 டிசம்பரில் பயிற்சி தொடங்கியது. 2025 மே 30 அன்று முதன்முறையாகப் பெண்கள் 17 பேர் அங்கே பயிற்சி முடித்து வெளியே வந்தார்கள்.

பம்பாய் மாகாண அரசு இதற்காகக் கொடுத்த நிலம் 8,022 ஏக்கர் என்கிறது அகாதெமியின் வரலாறு. அரசுக்கு அது யாரிடமிருந்து வந்தது என்பது தனிக் கதை. இங்கே நாம் கவனிக்க வேண்டியது, அந்தப் பாழுக்கு அரசு என்ற ஒரே உரிமையாளர் இருந்தார், அவருக்கு ஒரு தேவையும் இருந்தது என்பதுதான். ஒரு கையெழுத்தில் காரியம் முடிந்தது.

ஏரியைத் தாண்டி ஊருக்குள் வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் அணைக்கரையில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. சுட்ட சோளமும் வெங்காய பஜ்ஜியும் வாங்க புனே நகரமே வந்து நிற்கும். சிங்ககட் கோட்டைக்குப் போகிற கூட்டமும் இதே சாலையில்தான் போக வேண்டும். அந்தச் சாலையை விட்டுப் பழைய ஊர்நத்தத்துக்குள் நுழைந்தால் வேறு உலகம். கருங்கல் அடித்தளம், மண் சுவர், மங்களூர் ஓடு, முன்னால் ஓசரி என்கிற திண்ணை: இப்படி மிச்சமிருக்கும் பழைய வீடுகளுக்கிடையே மூன்று மாடி, நான்கு மாடிக் கட்டடங்கள் எழும்பியிருக்கின்றன. அவற்றுக்கு நடுவே பூட்டிய வீடும் ஒன்றிரண்டு இருக்கும். கூரை நடுவில் குழிந்து போயிருக்கும். சுவர் வெடிப்பில் அரசங்கன்று வேர்விட்டு, அதே சுவரைத் தாங்கியும் பிளந்தும் நிற்கும். முற்றம் முழுக்க உண்ணிச்செடியும் பார்த்தீனியமும். (பார்த்தீனியம் இந்தியாவில் களையாகக் கண்டறியப்பட்டதே 1950களின் நடுவில், இதே புனேயில்தான். அகாதெமி திறந்த காலமும் அதுதான். எது வேகமாகப் பரவியது என்று கேட்காதீர்கள்.) கதவில் பூட்டு துருப்பிடித்து ஒரே உருண்டையாகியிருக்கும். கதவின் ஓரத்தைக் கரையான் அரித்திருக்கும், உள்ளே போக நாய்க்குப் பூட்டைத் திறக்கும் தேவை இருக்காது. மழைக்காலத்தில் பாம்பு வரும். பக்கத்து வீட்டார் சர்ப்பமித்ரா என்கிற பாம்பு பிடிக்கும் இளைஞருக்குப் போன் போடுவார்கள். அவர் வந்து பிடித்து, காட்டில் விட்டுவிட்டு, வீட்டைச் சுத்தம் பண்ணச் சொல்லிவிட்டுப் போவார். யாரைச் சுத்தம் பண்ணச் சொல்வது?

முன்பும் வீடுகள் பூட்டிக் கிடந்தன. பம்பாய் மில்லுக்கு வேலைக்குப் போனவர்கள், பட்டாளத்துக்குப் போனவர்கள், வாரிசில்லாமல் போனவர்கள் என்று எல்லாக் கிராமத்திலும் காலி வீடுகள் உண்டு. ஆனால் அவை இப்படிப் பாழாகவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் மாட்டை அங்கே கட்டுவார், சோளத்தட்டையை அடுக்கி வைப்பார். மாடு நனையக்கூடாது என்பதற்காகவே இரண்டு ஓடு மாற்றிப் போடுவார். தீபாவளிக்கு வருகிற உரிமையாளர் அதைப் பார்த்துக் கோபப்பட மாட்டார். வீடு நிற்கிறதே என்று சந்தோஷப்பட்டுவிட்டுப் போவார். ஏதாவது தகராறு என்றால் ஊர்ப் பெரியவர் ஒருவர் நடுவில் உட்கார்ந்து பேசி முடிப்பார். அந்த மண்ணுக்குப் பெரிய விலை கிடையாது. விலை இல்லாத இடத்தில் சந்தேகமும் குறைவு.

இன்று அந்த மாட்டைக் கட்ட யாருக்கும் தைரியம் வராது. கட்டவும் விடமாட்டார்கள். எதிர்ப்பில்லாமல் பகிரங்கமாகப் பன்னிரண்டு ஆண்டு அனுபவித்துவிட்டால், உரிமையாளர் வழக்குப் போடும் உரிமையையே இழந்துவிடலாம் என்பது 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம். அந்தப் பன்னிரண்டு ஆண்டு ஊரில் எல்லோருக்கும் மனப்பாடம். வாடகைக்கு விடலாம் என்றால், ‘குடியிருப்பவன் கிளம்பமாட்டான்’ என்று அடுத்த பயம். புனேயின் பழைய பேட்டைகளில் பத்து ரூபாய், இருபது ரூபாய் வாடகையில் தலைமுறை தலைமுறையாகக் குடித்தனங்கள் இருந்து, உரிமையாளர் ஒரு ஆணிகூட அடிக்காமல் விட்ட வாடாக்கள் (முற்றம் வைத்த பழைய பெரிய வீடுகள்) கண்முன்னே சாட்சியாக நிற்கின்றன. ஆக, பூட்டு போட்டு வைப்பதே புத்திசாலித்தனம் என்று முடிவாகிறது. நான் இதைப் பேராசை என்று சொல்லமாட்டேன். சட்டம் சொல்லிக்கொடுத்த பாடத்தை ஒழுங்காகப் படித்தவர்கள் இவர்கள்.

பூட்டைவிடப் பெரிய சிக்கல் பத்திரத்தில் இருக்கிறது. மகாராஷ்டிரத்தில் வயலுக்கு ‘ஸாத்பாரா’ உண்டு, 7/12 என்று எண்ணாலேயே சொல்வார்கள். நம்மூர்ப் பட்டா, அடங்கல் இரண்டும் சேர்ந்த மாதிரி. ஊர்நத்தத்து வீட்டுக்கோ பெரும்பாலும் அது கிடையாது. கிராமப் பஞ்சாயத்தின் வீட்டுவரிப் பதிவேட்டில், ‘நமூனா ஆட்’ என்கிற எட்டாம் எண் படிவத்தில், தாத்தா பெயர் இருக்கும், அவ்வளவுதான். தாத்தாவுக்கு நான்கு பிள்ளைகள், மூன்று பெண்கள் என்றால், மூன்றாம் தலைமுறையில் கையெழுத்துப் போட வேண்டியவர்கள் இருபதைத் தாண்டுவார்கள். ஒருவர் நாசிக்கில், ஒருவர் சூரத்தில், ஒருவர் அமெரிக்காவில். பெண் வாரிசுகளிடம் மட்டும் ‘ஹக்கஸோட் பத்திரம்’ என்கிற விடுதலைப் பத்திரத்தை நீட்டி, ‘சும்மா ஒரு கையெழுத்து’ என்பார்கள். தமிழ்நாடு 1989இலும் மகாராஷ்டிரம் 1994இலும் மகள்களுக்குச் சம பங்கு கொடுத்தன, 2005இல் நாடு முழுவதற்கும் வந்தது. இதனால்தான் சொத்துகள் முடங்கின என்று புலம்புகிற ஆண்களை இரண்டு மாநிலங்களிலும் பார்க்கலாம். அது சரியில்லை. பெண்கள் கையெழுத்துப் போட மறுப்பதால் முடங்கவில்லை. பாகம் பிரிக்க வேண்டிய காலத்தில் பிரிக்காமல், விலை ஏறட்டும் என்று எல்லோரும் காத்திருந்ததால் முடங்கியது. கூட்டுப்பட்டாவை வைத்துக்கொண்டு இரண்டு தலைமுறையாகப் பேசாமல் இருக்கும் பங்காளிகளை நமக்குத் தெரியாதா என்ன?

உரிமையாளர்கள் பலர் என்பதே குற்றம் என்றும் சொல்லமுடியாது. கடக்வாஸ்லாவிலிருந்து நகரத்தை நோக்கி வந்தால் நாந்தேட் கிராமம். அங்கே விவசாயிகள் சுமார் 700 ஏக்கரை ஒன்றாகச் சேர்த்து, நிலத்தை விற்றுவிட்டு ஓடாமல் தாங்களே பங்குதாரர்களாகி, நாந்தேட் சிட்டி என்ற குடியிருப்பு நகரத்தை எழுப்பினார்கள். ஹடப்சர் பக்கம் மகர்பட்டாவில் செய்து பார்த்த வழிதான் இது. அத்தனை குடும்பங்களால் முடிந்த காரியம் ஒரு குந்தா வீட்டுக்காரர்களால் முடியாமல் போவதேன்? (ஒரு குந்தா என்பது 1,089 சதுர அடி, ஏக்கரில் நாற்பதில் ஒரு பங்கு.) வயலுக்கு அளவும் பதிவும் இருந்தன. இன்னாருக்கு இத்தனை குந்தா என்றால் இத்தனை பங்கு என்று கணக்குப் போட முடிந்தது. இடிந்த வீட்டில் யாருக்கு எந்த மூலை என்று யாரும் எழுதி வைக்கவில்லை. வயலில் சோறு விளைந்தது, அதனால் பங்கு பிரித்தார்கள். வீட்டில் ஞாபகம்தான் விளைந்தது, அதை அப்படியே போட்டு வைத்தார்கள்.

புனேயின் பக்கத்தில் இடிந்த சொத்தை அரசும் ஊரும் ஒரே மூச்சில் கையாண்ட நேரமும் ஒன்று உண்டு, ஆனால் அதற்கு ஒரு வெள்ளம் தேவைப்பட்டது. கடக்வாஸ்லா அணை கர்னல் ஃபைஃப் என்ற பொறியாளரின் வேலை, 1869இல் தொடங்கிப் பத்தாண்டில் எழுந்தது. ஏரிக்கும் அப்போது ஃபைஃப் ஏரி என்றே பெயர். விஸ்வேஸ்வரய்யா தான் கண்டுபிடித்த தானியங்கி மதகுகளை 1903இல் முதலில் பொருத்திப் பார்த்ததும் இங்கேதான். மைசூர் கிருஷ்ணராஜ சாகர் எல்லாம் பிறகு வந்தது. 1961 ஜூலை 12 காலை மேலே கட்டுமானத்தில் இருந்த பான்ஷெட் மண் அணை உடைந்தது. அந்தத் தண்ணீர் வந்து மோதி கடக்வாஸ்லாவும் உடைந்தது. முட்டா நதிக்கரைப் பேட்டைகளில் பழைய வீடுகள் வரிசை வரிசையாகச் சரிந்தன. அரைவட்டக் கூரை போட்ட நிசன் குடில்களை அவசரமாக எழுப்பிக் குடும்பங்களைக் குடியேற்றினார்கள், பிறகு நிலம் ஒதுக்கினார்கள், நகரத்துக்குப் புதிய குடியிருப்புகள் முளைத்தன. அணையையும் திரும்பக் கட்டினார்கள். நிலம் குத்தகையா சொந்தமா என்ற வழக்கு மட்டும் அடுத்த தலைமுறைகளுக்கும் தொடர்ந்தது. இடிந்தால் உடனே கவனிப்பார்கள், இடிந்துகொண்டிருந்தால் கவனிக்கமாட்டார்கள் என்பது நம் நிர்வாகத்தின் பழைய குணம்.

2021 ஜூன் 30 அன்று கடக்வாஸ்லாவும் சேர்த்து 23 கிராமங்கள் புனே மாநகராட்சிக்குள் வந்தன. பஞ்சாயத்து அலுவலகத்து எட்டாம் எண் படிவங்கள் மாநகராட்சிக்குக் கைமாறின. வரி ஏறும் என்ற முணுமுணுப்பு முதலில் வந்தது, குழாய் பிறகுதான். 2025 ஜனவரியில் கில்லன்-பாரே என்கிற நரம்பு நோய் பலருக்கு வந்து, தண்ணீர்மீது சந்தேகம் எழுந்தபோது நாந்தேட், கிர்கட்வாடி, தாயரி, கடக்வாஸ்லா என்று இந்தச் சிங்ககட் சாலைக் கிராமங்களின் பெயர்களே செய்தியில் அடிபட்டன. நகரத்துக்குத் தண்ணீர் தரும் ஏரியின் காலடியில் இருப்பவர்கள் கிணற்றுத் தண்ணீரை நம்பியிருந்தார்கள் என்பது அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது. பூட்டிய வீட்டைப் பற்றி எழுதும்போது இதையும் சொல்லத் தோன்றுகிறது. ஊரின் பாழ் வீட்டுக்குள் மட்டும் இல்லை.

மாநகராட்சி வந்ததில் ஒரு லாபம், சட்டம் வந்தது. மகாராஷ்டிர மாநகராட்சிகள் சட்டத்தின் 264ஆவது பிரிவின்படி, இடிந்துபோன அல்லது விழக்கூடிய கட்டடத்தைப் பழுதுபார்க்கச் சொல்லலாம், இடிக்கச் சொல்லலாம். கேட்காவிட்டால் மாநகராட்சியே இடித்துச் செலவை வசூலிக்கலாம். 265அ பிரிவு, 30 ஆண்டு தாண்டிய கட்டடங்களுக்கு உறுதிச் சான்று கேட்கிறது. நகரத்து வாடாக்களுக்கு ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்பும் இந்த நோட்டீஸ் போகும். பூட்டிய வீட்டில் அதை வாங்க யார் இருக்கிறார்கள்? கதவில் ஒட்டுவார்கள். இரண்டு மழையில் அதன் எழுத்து கரைந்துவிடும். கொசு மருந்து அடிப்பவர் வந்தால், உள்ளே போக அனுமதி இல்லாமல் வெளிச்சுவரில் புகைவிட்டுப் போவார்.

ஜப்பானில் இதே நோய் முற்றியிருக்கிறது. 2023 கணக்கெடுப்பில் அங்கே ஆளில்லா வீடுகள் 90 லட்சம். 2015இல் நடைமுறைக்கு வந்த சட்டம், கவனிக்காமல் விட்ட வீட்டுக்கான வரிச் சலுகையைப் பறிக்கிறது. 2024 ஏப்ரல் முதல், வாரிசாகச் சொத்து வந்ததை மூன்றாண்டுக்குள் பதியாவிட்டால் அபராதம். அங்கே ஆள் இல்லாததால் வீடு பாழ், இங்கே ஆள் அதிகமாகிப் பாழ். இருந்தாலும் அந்த இரண்டாவது விதி நமக்கும் பொருந்தும் என்றே நினைக்கிறேன். இறப்புச் சான்றிதழ் கொடுக்கும் அலுவலகமே வாரிசுப் பட்டியலையும் எழுதவைத்தால் பாதி வில்லங்கம் தீரும். யாழ்ப்பாணத்தில், டொரன்டோவில் இருக்கும் உரிமையாளரின் வேலியை வெட்டப் பயப்படும் அயலவருக்கும், காரைக்குடிப் பக்கம் நூறு பங்குக்காரர்களின் மாளிகைக்குக் காவல் இருக்கும் கிழவருக்கும்கூட அது உதவும்.

அதுவரை இங்கே நடப்பது இதுதான். சுவர் ஒருநாள் தெருப்பக்கம் சாய்கிறது. குழந்தைகள் போகிற வழி என்று அக்கம்பக்கத்தார் வார்டு அலுவலகத்துக்கு நடையாய் நடந்து, ஒருவழியாக ஜேசிபி வருகிறது. மத்தியானத்துக்குள் வீடு மண்மேடாகிறது. இருபது ஆண்டாகத் தலைகாட்டாத பங்காளிகள் அந்த வாரமே மூன்று காரில் வந்து இறங்குகிறார்கள். நாடா பிடித்து அளக்கிறார்கள், சத்தம் போடுகிறார்கள், முள்கம்பி வேலி போடுகிறார்கள். ‘இந்த இடம் விற்பனைக்கு அல்ல, வழக்கு நிலுவையில் உள்ளது’ என்று மராத்தியில் சிவப்பு எழுத்துப் பலகை ஏறுகிறது. அடுத்த மழைக்கு வேலிக்குள் பார்த்தீனியம் இடுப்பளவு வளர்ந்துவிடும், பக்கத்து வீட்டார் சர்ப்பமித்ராவின் எண்ணை அழிக்காமலே வைத்திருப்பார்கள்.