திரும்பினால் "டக் டக்"! வேனின் முன் ஆக்சிலை வீட்டிலேயே மாற்றலாமா?

ஆடி மாதம். ஞாயிற்றுக்கிழமை. கும்மிடிப்பூண்டியில் இருந்து ஒரு குடும்பம் பெரியபாளையத்து அம்மன் கோவிலுக்குப் புறப்படுகிறது என்று வைத்துக் கொள்வோம். வேனில் 7 பேர். பின்னால் பொங்கல் பானை, விறகு, வேப்பிலை.

நெடுஞ்சாலையில் வண்டி நன்றாகத்தான் ஓடியது. கோவில் அருகே வண்டியை நிறுத்துவதற்காக ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடித்தபோது முன்சக்கரத்தில் இருந்து ஒரு சத்தம் வந்தது.

டக்... டக்... டக்...

"ஏன்டா, சக்கரத்திலே கல் கில் மாட்டிக்கிச்சா பாரு" என்கிறார் பாட்டி.

மகன் இறங்கிப் பார்க்கிறார். கல் இல்லை. நேராகப் போனால் சத்தமும் இல்லை. திரும்பினால் மட்டும் "டக் டக்"!

இந்தச் சத்தத்தின் காரணம் சக்கரத்துக்குப் பின்னால் மறைந்து இருக்கிறது. அங்கே ஒரு ரப்பர் உறை கிழிந்திருக்கும். எப்போது கிழிந்தது? பல மாதங்களுக்கு முன்பே கிழிந்திருக்கலாம். யாரும் குனிந்து பார்க்கவில்லை!

முன்னால் இழுக்கும் வண்டி

மாட்டு வண்டியை மாடு முன்னால் நின்று இழுக்கிறது. ஆனால் மோட்டார் வண்டிகள் வெகு காலம் வரை பின்சக்கரத்தின் பலத்தால்தான் ஓடின. என்ஜின் முன்னால் இருக்கும். நீண்ட தண்டு ஒன்று அதன் சுழற்சியைப் பின்னால் கொண்டு போகும். 2014 வரை தயாரான அம்பாசிடர் கார் அப்படிப்பட்டதுதான். மாருதி ஆம்னி வேனும் அப்படியே.

1983-ல் வந்த மாருதி 800 வேறு மாதிரி. அதில் என்ஜின் முன்சக்கரத்தையே சுழற்றியது. பின்னால் போகும் நீண்ட தண்டு இல்லை. அதனால் சின்ன வண்டியில் கூட உள்ளே இடம் கிடைத்தது. குடும்ப வண்டிக்கு வேறு என்ன வேண்டும்? எர்டிகா (2012), மராசோ (2018), டிரைபர் (2019) ஆகிய பல பேர் உட்காரும் வண்டிகளும் முன்சக்கரத்தால் இழுக்கப்படுபவையே.

திருவள்ளூருக்கும் இந்த முன்சக்கர வண்டிக்கும் நெருங்கிய உறவு உண்டு. இந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனி 1998-ல் மிட்சுபிஷி லான்சர் காரை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அது தயாரானது திருவள்ளூரில். அதுவும் முன்சக்கர வண்டிதான். இப்போது அதே திருவள்ளூரில் பிரான்சு நாட்டின் சிட்ரோயன் கார்கள் தயாராகின்றன. 2023-ல் வந்த சி-3 ஏர்கிராஸ் 7 பேர் உட்காரும் விதத்திலும் கிடைத்தது.

இதில் ஒரு வேடிக்கை என்ன தெரியுமா? முன்சக்கர காரைப் பெரிய அளவில் தயாரித்து உலகத்துக்குக் காட்டிய கம்பெனிகளில் முக்கியமானது இந்த சிட்ரோயன்தான். 1934-ல் அது வெளியிட்ட காரின் பெயரே "திராக்சியோன் அவான்". "முன்னால் இழுப்பது" என்று பொருள். அந்தக் காரை உருவாக்க ஆன செலவில் கம்பெனி கடனில் மூழ்கியது. முதலாளி ஆந்த்ரே சிட்ரோயன் 1935-ல் காலமானார். கம்பெனியை எடுத்து நடத்தியது யார்? மிஷ்லின் டயர் கம்பெனி! அந்த மிஷ்லினின் டயர் தொழிற்சாலை கும்மிடிப்பூண்டி தாலுகா தேர்வாய் கண்டிகையில் இருக்கிறது. பிரான்சில் சேர்ந்த இரண்டு பெயர்கள் இங்கே ஒரே மாவட்டத்தில்!

ஆறு குண்டுகள்

முன்சக்கரத்துக்கு இரண்டு வேலை. சுழல வேண்டும், அதே சமயம் இடமும் வலமும் திரும்ப வேண்டும். மேடு பள்ளத்தில் ஏறி இறங்கவும் வேண்டும். சுழற்சியைக் கொண்டு வரும் தண்டோ இரும்பு. அது வளையுமா? வளையாது. ஆகவே தண்டின் இரு முனைகளிலும் மூட்டு வைத்தார்கள். நம் தோளிலும் முழங்கையிலும் இருப்பது போல.

சாதாரண மூட்டில் ஒரு குறை உண்டு. தண்டு சாய்ந்து சுழலும்போது, ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் கூடும். இரண்டு முறை குறையும். சக்கரம் உதறும். ஸ்டீயரிங் கையில் துள்ளும்.

1920-களில் ஃபோர்டு கம்பெனியில் வேலை பார்த்த ஆல்ஃபிரட் ரெசெப்பா என்ற பொறியாளர் இதற்கு அருமையான வழி கண்டார். கிண்ணம் போன்ற ஒரு இரும்பு. அதன் உட்புறம் 6 பள்ளக் கோடுகள். அவற்றில் 6 எஃகுக் குண்டுகள். தண்டு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் குண்டுகள் இரண்டு பாகங்களுக்கும் நட்ட நடுவில் வந்து நிற்கும். அதனால் வேகம் மாறுவதே இல்லை. 1959-ல் வந்த இங்கிலாந்தின் மினி கார் இந்த வகை மூட்டை வைத்துத்தான் ஓடியது. இன்றைய குடும்ப வண்டியில் சக்கரத்தின் பக்கம் இருப்பதும் இதுதான். மெக்கானிக்குகள் இதை "சி.வி. ஜாயிண்ட்" என்பார்கள். தண்டையும் மூட்டுகளையும் சேர்த்து "ஆக்சில்" என்பார்கள்.

குண்டுகள் வழுக்கி ஓட கிரீஸ் வேண்டும். கிரீசைக் காப்பது அந்த ரப்பர் உறை. கடையில் "பூட்" என்று கேட்டால் கொடுப்பார்கள். அதன் விலை சில நூறு ரூபாய். அது காக்கும் ஆக்சிலின் விலையோ பல ஆயிரம்!

உறை கிழிந்தால் சக்கரம் சுழலும் வேகத்தில் கிரீஸ் வெளியே தெறித்து விடும். கிழிந்த வழியாக மணலும் மழைத் தண்ணீரும் உள்ளே போகும். பள்ளக் கோடுகள் தேயும். பிறகுதான் "டக் டக்". சத்தம் வந்தபின் உறையை மட்டும் மாற்றிப் பயன் இல்லை. தேய்ந்த இரும்பு தேய்ந்ததுதான். சத்தம் வருவதற்கு முன்பே கிழிசலைக் கண்டுபிடித்து, மூட்டைச் சுத்தம் செய்து, புது கிரீசும் உறையும் போட்டால் ஆக்சில் பிழைத்துக் கொள்ளும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடித்து நிறுத்தி, டார்ச் விளக்கு அடித்து சக்கரத்தின் உட்பக்கம் பார்த்தால் போதும். கறுப்பாகக் கிரீஸ் தெறித்திருந்தால் உறை கிழிந்துவிட்டது. இரண்டு நிமிட வேலை!

இன்னொன்று: திரும்பும்போது சத்தம் என்றால் சக்கரத்துப் பக்கத்து மூட்டு. வேகம் எடுக்கும்போது வண்டி உதறினால் கியர் பாக்ஸ் பக்கத்து மூட்டாக இருக்கலாம்.

ஜாக்கியை நம்பாதீர்கள்!

கும்மிடிப்பூண்டி சிப்காட் வட்டாரத்தில் ஃபிட்டர்களுக்கும் டர்னர்களுக்கும் பஞ்சம் இல்லை. பல வீடுகளில் ஸ்பானர் செட் உண்டு. "நாமே மாற்றினால் என்ன?" என்ற எண்ணம் வருவது இயல்பு. மாற்றலாம். ஒரு பகல் வேலை. ஆனால் இதில் உயிர் போகும் இடம் ஒன்று இருக்கிறது. அதை முதலில் சொல்லியாக வேண்டும்.

வண்டியோடு வரும் ஜாக்கி, ஸ்டெப்னி மாற்றுவதற்கு மட்டுமே. அதை நம்பி வண்டிக்கு அடியில் போகக் கூடாது. கையைக் கூட நீட்டக் கூடாது. ஆக்சிலைக் கழற்றும்போது கம்பி போட்டு நெம்ப வேண்டும். சுத்தியால் தட்ட வேண்டும். வண்டி ஆடும். ஜாக்கி சரிந்தால் ஒரு டன்னுக்கு மேற்பட்ட எடை கீழே வரும்.

செங்கல் அடுக்கலாமா? கூடாது. ஹாலோ பிளாக்? அதுவும் கூடாது. பாரம் ஒரே இடத்தில் அழுத்தினால் அவை சொல்லாமல் கொள்ளாமல் உடையும். எடை தாங்கும் இரும்பு ஸ்டாண்டுகள் இரண்டு வேண்டும். வண்டியின் புத்தகத்தில் காட்டியுள்ள இடத்தில் முட்டுக் கொடுக்க வேண்டும். தரை சமமான சிமெண்டுத் தரையாக இருக்க வேண்டும். வாசலில் மண் தரைதான் என்றால் இந்த வேலையே வேண்டாம். பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை போட வேண்டும். ஸ்டாண்டில் நிறுத்திய பிறகு வண்டியைக் கையால் பலமாக ஆட்டிப் பார்க்க வேண்டும். விழுவதானால் அப்போதே விழட்டும்!

ஸ்டாண்டு இல்லாதவர் மெக்கானிக்கிடம் போவதே நல்லது. கூலியை மிச்சம் பிடிக்கப் போய் முதுகெலும்பை இழப்பது கணக்குக்கு ஒத்து வராது. துணைக்கு ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். குழந்தைகள் பக்கத்தில் வரக் கூடாது.

நடுவில் இருக்கும் பெரிய நட்டு

சக்கரத்தின் நடுவில் ஆக்சிலின் பெரிய நட்டு இருக்கிறது. வண்டி தரையில் நிற்கும்போதே அதைத் தளர்த்திவிட வேண்டும். தூக்கிய பிறகு அதோடு மல்லுக்கட்டினால் வண்டி ஸ்டாண்டில் இருந்து விழும். நட்டின் விளிம்பு தண்டின் பள்ளத்தில் தட்டி மடக்கப்பட்டிருக்கும். அந்த மடிப்பை முதலில் நிமிர்த்த வேண்டும். ஹேண்ட் பிரேக் போட்டு, கியரிலும் போட்டு, துணைக்கு இருப்பவர் பிரேக்கை மிதித்துக் கொள்ள, நீண்ட கைப்பிடி போட்டுத் திருப்பினால் இளகும்.

பிறகு வண்டியைத் தூக்கி நிறுத்திச் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். கீழே உள்ள பால் ஜாயிண்டை விடுவித்தால் ஹப் வெளிப்பக்கம் நகரும். ஆக்சிலின் வெளி முனை விடுபடும். அப்போது பிரேக் குழாயும் ஏ.பி.எஸ். ஒயரும் இழுபடாமல் பார்த்துக் கொள்ள வேண்டும்.

உள் முனை கியர் பாக்சுக்குள் இருக்கிறது. அதைத் தண்டைப் பிடித்து இழுத்து எடுக்கக் கூடாது. இழுத்தால் மூட்டு மட்டும் பிரிந்து கையோடு வரும். மிச்சம் உள்ளேயே நிற்கும்! கியர் பாக்சை ஒட்டி நெம்பு கம்பி கொடுத்து மெல்லத் தள்ள வேண்டும். கீழே ஒரு தட்டு வைப்பது அவசியம். கியர் ஆயில் வழியும். ஆயில் சீல் கிழிந்திருந்தால் இப்போதே மாற்றிவிடலாம்.

புது ஆக்சிலைப் பழையதன் பக்கத்தில் படுக்க வைத்து அளந்து பார்க்க வேண்டும். நீளம், முனையில் உள்ள பற்களின் எண்ணிக்கை இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். இடப்பக்கத்து ஆக்சிலும் வலப்பக்கத்து ஆக்சிலும் பல வண்டிகளில் ஒரே நீளம் அல்ல. சென்னை புதுப்பேட்டையில் பழைய ஆக்சில் வாங்குகிறவர்கள் இதை மறந்துவிட்டு இரண்டு முறை அலைவது உண்டு.

உள்ளே செலுத்தும்போது முனையில் உள்ள சிறு வளையம் "க்ளிக்" என்று உட்கார வேண்டும். லேசாக இழுத்துப் பார்த்தால் வரக் கூடாது. வந்தால் சரியாக உட்காரவில்லை என்று பொருள். பாதியில் விட்டால் ஓடும்போது கழன்று வரும்.

நட்டு புதியதாக இருக்க வேண்டும். சக்கரத்தைப் பூட்டித் தரையில் இறக்கிய பிறகு அதை முழு அளவுக்கு முடுக்க வேண்டும். எவ்வளவு? வண்டிக்கு வண்டி மாறும். அதன் புத்தகத்தில் பார்க்க வேண்டும். 200 நியூட்டன் மீட்டர் என்று போட்டிருந்தால், ஒரு மீட்டர் நீளக் கம்பியின் முனையில் 20 கிலோ அரிசி மூட்டையைத் தொங்கவிட்ட அழுத்தம் என்று கொள்ளலாம். கை மதிப்பு உதவாது. அளவு காட்டும் டார்க் ரெஞ்ச் வேண்டும். குறைந்தால் சக்கரத்தின் பேரிங் கெடும். மேலும் தளர்ந்தால் சக்கரத்துக்கே ஆபத்து. முடுக்கியபின் நட்டின் விளிம்பைப் பழையபடி பள்ளத்தில் மடக்க வேண்டும். நட்டை முடுக்காமல் வண்டியை ஓர் அடி கூட நகர்த்தக் கூடாது.

வழிந்த கியர் ஆயிலுக்கு ஈடாகப் புது ஆயில் ஊற்றுவதைப் பலர் மறந்து விடுகிறார்கள். மறந்தவர்களுக்கு அடுத்த செலவு கியர் பாக்ஸ்!

இனி காலி மைதானத்தில் ஓட்டிப் பார்க்கலாம். இடப்பக்கம் ஒரு வட்டம். வலப்பக்கம் ஒரு வட்டம். சத்தம் இல்லையா? நல்லது. ஒரு வாரம் கழித்துச் சக்கரத்தின் உட்பக்கம் மீண்டும் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். மறுபக்கத்து ரப்பர் உறையையும் விட்டுவிடக் கூடாது. அதற்கும் அதே வயதுதான்.

கழற்றிய பழைய ஆக்சிலை இரும்புக் கடையில் போடுவதற்கு முன், மூட்டைப் பிரித்துத் துடைத்துப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். பள பளவென்று இருக்க வேண்டிய 6 குண்டுகளிலும் அம்மைத் தழும்பு போலப் பள்ளம் விழுந்திருக்கும். பார்த்த பிறகு எடைக்குப் போட்டுவிடலாம். கும்மிடிப்பூண்டி உருக்காலைகளில் பழைய இரும்பு உருகி, வீடு கட்டும் கம்பியாக வெளியே வருகிறது.