ஷையன் ஆறும் அதன் வடிநிலமும்

ஆறு என்றதும் மலையிற் பிறந்து அருவியாய் இறங்கும் நீரோட்டமே நம் நினைவுக்கு வருகின்றது. வட அமெரிக்காவில், வடக்கு டகோட்டா மாநிலத்துப் புல்வெளியில் ஓடும் ஷையன் ஆற்றுக்கு மலையும் இல்லை, அருவியும் இல்லை. கிழக்கு நோக்கிப் புறப்பட்டுத் தெற்கே திரும்பி, மீண்டும் வடகிழக்காக வளைந்து, ஏறத்தாழ 950 கிலோமீட்டர் நெளிந்து சென்று, பார்கோ நகருக்கு வடக்கே செவ்வாற்றில் கலக்கின்றது. அந்நீர் இறுதியில் வின்னிபெக் ஏரி வழியாக ஹட்சன் விரிகுடாவை அடைகின்றது.

பனியூழியில் இந்நிலத்தை மூடியிருந்த பனிப்பாளம் உருகிப் பின்வாங்கியபோது, மேடும் பள்ளமுமான வண்டற்களிமண்ணை விட்டுச் சென்றது. செவ்வாற்றுப் பள்ளத்தாக்கில் அகாசி என்னும் பேரேரி பரந்து கிடந்தது. அவ்வேரியில் ஷையன் கொட்டிய மணலே இன்று லிஸ்பன் நகருக்குத் தென்கிழக்கே மணற்குன்றுகளாகவும் உயர்புல் வெளியாகவும் காட்சியளிக்கின்றது.

இவ்வடிநிலத்தின் விந்தை யாதெனில், அதன் எல்லைக்குள் பெய்யும் மழை முழுவதும் ஆற்றை அடைவதில்லை. பெரும்பகுதி சிறு குட்டைகளில் தேங்கி ஆவியாகிவிடுகின்றது. ஈரமிகுந்த ஆண்டுகளில் மட்டும் ஒரு குட்டை நிரம்பி அடுத்ததில் வழிய, அது மற்றொன்றில் வழிய, ஆற்றுக்கு நீர் தரும் பரப்பே விரிந்துவிடுகின்றது. வரைபடத்திற் கோடு கிழித்து இவ்வளவே வடிநிலம் என்று கூறுவது இங்குப் பொருந்தாது.

அருகிலுள்ள டெவில்ஸ் ஏரி இதற்குத் தக்க சான்று. நம் இராசஸ்தானத்துச் சாம்பர் ஏரியைப் போன்று இதுவும் வழக்கமாகப் போக்கிடம் அற்றது. ஆதலின் உப்புக்கள் செறிந்தது. 1993 முதல் மழை மிகவே, 2011-க்குள் ஒன்பது மீட்டருக்கு மேல் உயர்ந்து, வயல்களையும் வீடுகளையும் விழுங்கிற்று. 2005-ல் ஏரி நீரை ஷையனுக்குள் இறைக்கும் கால்வாய் திறக்கப்பட்டது. சல்பேட்டு மிகுந்த நீரும் அயல் உயிரினங்களும் தம் நாட்டு நீர்நிலைகளிற் புகும் எனக் கனடா நாட்டார் எதிர்த்தனர். ஏரிக்கரையில் வாழ்வோர்க்கு நன்மையாவது ஆற்றின் கீழே வாழ்வோர்க்கு அச்சமாயிற்று. இரு சாராரும் கூறியதில் நியாயம் உண்டு.

2011-ல் நீர்மட்டம் இன்னும் ஒரு மீட்டருக்குச் சற்று மேல் உயர்ந்திருப்பின், டோல்னா ஓடை வழியாக ஏரி தானே ஷையனில் வழிந்திருக்கும். அவ்வழிவு ஓடையை அரித்து ஆழமாக்கிப் பெருவெள்ளமாகாதிருக்க, 2012-ல் அங்கு ஒரு கட்டுப்பாட்டு அமைப்புக் கட்டி முடிக்கப்பட்டது.