ஒரு கூட்டல் கணக்கும் மூன்று தீர்ப்புகளும்

சொத்துக்குவிப்பு வழக்கிலிருந்து ஜெயலலிதாவை 2015 மே 11 அன்று கர்நாடக உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. பட்டாசுச் சத்தம் அடங்குவதற்குள் தீர்ப்பில் இருந்த கடன் பட்டியலைச் சிலர் கூட்டிப் பார்த்துவிட்டார்கள். மொத்தம் 24.17 கோடி ரூபாய் என்று போட்டிருந்தது. கூட்டினால் 10.67 கோடிதான் வந்தது. பதின்மூன்றரைக் கோடி உதைத்தது.

தீர்ப்பின் விதியே இந்தக் கூட்டலில்தான் இருந்தது. சொத்து 37.59 கோடி, வருமானம் 34.76 கோடி, அதிகப்படி 2.82 கோடி என்று உயர் நீதிமன்றம் கணக்குப் போட்டிருந்தது. அதாவது வருமானத்தைவிட 8.12 சதவீதம் அதிகம். பத்து சதவீதத்துக்குள் இருந்தால் சந்தேகத்தின் பலனைத் தரலாம் என்பதற்கு 1977-இல் கிருஷ்ணானந்த் அக்னிஹோத்ரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன முன்னுதாரணம் உண்டு. வருமானத்தில் சேர்த்திருந்த அந்தக் கடன் தொகையைத் திருத்தினால் வருமானம் இறங்குகிறது, அதிகப்படி 16 கோடியைத் தாண்டுகிறது. 8 சதவீதம் 76 சதவீதமாகிவிடும்.

உயர் நீதிமன்றத்தில் நடந்தது தண்டனையை எதிர்த்த மேல்முறையீடு. மேல்முறையீடு என்பது வழக்கை முதலிலிருந்து நடத்துவது அல்ல. பெங்களூர் தனி நீதிமன்றத்தில் அரசுத் தரப்பில் மட்டும் 259 பேர் கூண்டேறினார்கள். அவர்களை உயர் நீதிமன்றம் மறுபடி அழைக்கவில்லை. பதிவான சாட்சியத்தைப் படித்து, இரு தரப்பு வாதத்தையும் கேட்டு, கீழ் நீதிமன்றத்தின் முடிவு அந்தச் சாட்சியத்தில் நிற்கிறதா என்று பார்ப்பதுதான் அதன் வேலை. கட்டுகளுக்குள் கிடக்கும் எண்கள்தான் அங்கே பேசும்.

அந்தத் தனி நீதிமன்றம் பெங்களூருக்குப் போனதற்கே ஒரு காரணம் உண்டு. ஜெயலலிதா முதல்வராக இருக்கையில் சென்னையில் விசாரணை நேர்மையாக நடக்காது என்று தி.மு.க.வின் க. அன்பழகன் முறையிட்டார். 2003-இல் உச்ச நீதிமன்றம் வழக்கை மாற்றியது. நீதிபதி ஜான் மைக்கேல் டி'குன்ஹா 2014 செப்டம்பர் 27-இல் நான்கு ஆண்டு சிறையும் 100 கோடி அபராதமும் விதித்தார். முதல்வர் பதவியும் அன்றே போயிற்று. அடுத்த மாதம் உச்ச நீதிமன்றம் தண்டனையை நிறுத்திவைத்து ஜாமீன் கொடுத்தது. ஆனால் சிறையிலிருந்து வெளியே வந்தவரால் கோட்டைக்குத் திரும்ப முடியவில்லை. நின்றது தண்டனை மட்டுமே. குற்றவாளி என்ற தீர்ப்பு அப்படியே இருந்தது.

மேல்முறையீட்டில் இன்னொரு கோளாறு. வழக்கை நடத்தும் அதிகாரம் கர்நாடகத்துக்கே இருந்தும், அரசு வழக்கறிஞர் பவானி சிங்கை நியமித்தது தமிழக அரசு. அது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னபோது 2015 ஏப்ரல் 27 ஆகிவிட்டது, வாதங்கள் முடிந்திருந்தன. மறுவிசாரணை வேண்டாம், எழுத்துபூர்வ வாதத்தை மறுநாளுக்குள் கொடுங்கள் என்றது. இத்தனை பெரிய வழக்குக்கு ஒரு நாள்! சட்டப்படி சரியாக இருக்கலாம், பார்ப்பவர் மனம் ஒப்பாது.

விடுதலையை எதிர்த்து கர்நாடகம் உச்ச நீதிமன்றம் போனது. விடுதலையான ஒருவரைத் திரும்பச் சிறைக்கு அனுப்புவது லேசான காரியமில்லை. சாட்சியத்தை இரண்டு விதமாகவும் படிக்கலாம் என்றால் விடுதலை நிற்கும். உயர் நீதிமன்றம் படித்த விதம் பொருந்தவே பொருந்தாது என்று காட்டியாக வேண்டும். 2017 பிப்ரவரி 14-இல் நீதிபதிகள் பினாகி சந்திர கோஷும் அமிதவ ராயும் அப்படித்தான் முடிவு செய்து, டி'குன்ஹாவின் தீர்ப்பை உயிர்ப்பித்தார்கள். இதே வழக்கில் ஜெயலலிதாவுடன் குற்றம் சாட்டப்பட்டு, அப்போது முதல்வர் நாற்காலிக்குக் காத்திருந்த சசிகலா மறுநாள் பெங்களூரில் சரணடைந்தார்.

ஜெயலலிதா 2016 டிசம்பர் 5-ஆம் தேதியே காலமாகியிருந்தார். விடுதலையை எதிர்த்த மேல்முறையீடு, குற்றம் சாட்டப்பட்டவர் இறந்தால் அவரைப் பொறுத்தவரை அற்றுப்போகும். 100 கோடி அபராதத்தையாவது வசூலிக்க வேண்டும் என்று கர்நாடகம் கேட்டுப் பார்த்தது, கிடைக்கவில்லை.

நகைகளின் கதை வேறு மாதிரி முடிந்தது. பறிமுதலானவற்றைத் தங்களிடம் தரும்படி வாரிசுகள் கேட்டார்கள். வழக்கு அற்றுப்போனதை விடுதலையாகக் கொள்ள முடியாது என்று கர்நாடக உயர் நீதிமன்றம் 2025 ஜனவரியில் மறுத்தது. அடுத்த மாதம் அந்தத் தங்கம் தமிழக அரசிடம் ஒப்படைக்கப்பட்டது.