தீ வைத்துவிட்டு ஓடியவன்

பூனா நகரத்து மகாத்மா புலே மண்டயியில், நம்மவர் ‘மண்டை’ என்றே சொல்லிச் சிரிக்கும் அந்தக் காய்கறிச் சந்தையில், வெந்தயக் கீரைக் கட்டுகளை அடுக்கிவிட்டு, ஒன்பது கஜச் சேலையின் இடுப்பு முடிச்சைக் கட்டைவிரலால் சற்றே தளர்த்தி, அதன் கீழே பட்டையாகக் கறுத்துத் தடித்த தோலைச் சொறிந்துகொண்ட ஒரு கிழவியைக் கண்டபோது, 1945-இல் பம்பாய் டாக்டர் கானோல்கர் ‘வேஷ்டிப் புற்று’ என்றொரு வியாதியை வர்ணித்தது ஞாபகத்துக்கு வந்தது. வருஷக்கணக்கில் ஒரே இடத்தில் உராயும் துணி, அபூர்வமாகச் சிலரைப் புற்றில் கொண்டுபோய் விடுகிறது. காஷ்மீரத்தார் அங்கிக்குள் வைத்துக்கொள்ளும் காங்கிரிச் சட்டியின் அனலும் அப்படியே.

இவை கண்ணுக்குத் தெரிகிற காரணங்கள். தெரியாத காரணமும் உண்டா என்று, 1952 முதல் வைரஸ் ஆராய்ச்சிக்கூடம் நடந்துவரும் இவ்வூரில் கேட்பது பொருத்தமே. 1922-இல் லெவண்டாவ்ஸ்கி, லுட்ஸ் என்ற இரு வைத்தியர்கள், உடலெங்கும் தேமல் போலவும் மருப் போலவும் படரும் ஒரு விசித்திர சரும வியாதியை எழுதிவைத்தார்கள். தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதுள்ள ஜீன் வந்து சேரும்போதே பெரும்பாலும் அது தோன்றுமாகையால், மாமன் மகளையும் அக்காள் மகளையும் மணக்கிற நாம் அதை அந்நிய தேசத்துச் சமாசாரமென்று ஒதுக்கிவிட முடியாது. பிற்காலத்தில் அந்நோயாளிகளின் புற்றில் பாப்பிலோமா வைரஸின் 5, 8 என்னும் இனங்கள் அகப்பட்டன. ஆனால் புற்று எழுந்ததோ, பெரும்பாலும் வெயில் படும் நெற்றியிலும் புறங்கையிலும்தான். சூரிய கிரணம் உயிரணுவின் மரபுப்பொருளைச் சிதைக்க, அதைச் செப்பனிடும் ஏற்பாட்டையும், சீர்கெட்ட அணு தானே மடிந்துபோகும் நியதியையும் வைரஸின் புரதங்கள் குலைத்துவிடுகின்றன என்பது ஆராய்ச்சியாளர் பலரின் அபிப்பிராயம்.

சாதாரண மனிதரின் சருமப் புற்றிலோ, அணுவுக்கு அணு தேடினால், வைரஸ் எல்லா அணுக்களிலும் இருப்பதில்லை. வைக்கோற்போருக்குத் தீ வைத்தவன் விடிவதற்குள் அடுத்த ஊர் போய்விட்டான் என்கிறார்கள் ஒரு சாரார். எல்லோர் தோலிலும் குடியிருக்கும் அப்பாவியின் மேல் வீண்பழி என்கிறார்கள் மற்றவர்கள். மாற்றுச் சிறுநீரகம் பெற்று, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து உண்பவர்களிடம் இப்புற்று பன்மடங்கு மிகுவதைப் பார்த்தால், என் மனம் முன்னவர் பக்கமே சாய்கிறது. 2008-இல் அமெரிக்காவில் யுவான் சாங், பாட்ரிக் மூர் தம்பதியர் குழு கண்டுபிடித்த மெர்க்கல் அணு வைரஸில் இந்த வழக்கே இல்லை. அபூர்வமான மெர்க்கல் அணுப் புற்றில் ஏறக்குறைய 80 சதவீதத்தில், அது கட்டியின் ஜீன்களோடு பின்னிப் பிணைந்து கையுங்களவுமாகப் பிடிபட்டது.

இதே பூனாவில் சீரம் இன்ஸ்டிட்யூட் தயாரித்து, 2022-இல் அனுமதி பெற்ற ‘செர்வாவாக்’ தடுப்பூசியும் பாப்பிலோமாவுக்கு எதிரானதுதான். கருப்பைவாய்ப் புற்றையும் பிறப்புறுப்பு மருவையும் மனத்தில் வைத்துச் செய்ததாகையால், அதில் உள்ளவை 6, 11, 16, 18 என்ற நான்கு இனங்கள். 5-உம் 8-உம் அதில் இல்லை.