கொல்லைப்புற ஷெட்டில் ஜிம்... டம்பெல் வாங்கும் முன் கூரையைப் பாருங்கள்!

வீட்டுக்குப் பின்னால் ஒரு ஷெட். மேலே தகர ஷீட் அல்லது ஆஸ்பெஸ்டாஸ். உள்ளே காலொடிந்த கட்டில், காய்ந்துபோன பெயின்ட் டப்பாக்கள், பஞ்சரான சைக்கிள், 'எப்போதாவது தேவைப்படும்' என்று எடுத்துவைத்த டைல்ஸ் மிச்சம். கொஞ்சம் தோட்டத்தோடு சொந்த வீடு உள்ளவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. 2020 ஊரடங்கில் ஜிம்கள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்தபோது, பலரும் இந்த ஷெட்டைத்தான் திரும்பிப் பார்த்தார்கள். பழைய சாமான்களை ஒரு மூலையில் ஒதுக்கிவிட்டு டம்பெல்களை இறக்கினார்கள். அந்த டம்பெல்களில் எத்தனை இன்றும் கையில் ஏறுகின்றன என்பது வேறு கதை.

வீட்டு ஜிம் பாதியில் நின்றுபோனால் சோம்பேறித்தனம் என்று பழி போடுவோம். அதில் பாதிப் பழியாவது அந்த ஷெட்டின் மீது விழ வேண்டும். மே மாதத்தில் தகரக் கூரைக்குக் கீழே பத்து நிமிடம் நின்று பாருங்கள், புரியும். பெரும்பாலானவர்கள் முதலில் ட்ரெட்மில்லுக்குப் பணம் கட்டுகிறார்கள். கூரை, தரை, கரன்ட் எல்லாம் 'அப்புறம் பார்த்துக்கலாம்' கணக்கில் போய்விடுகின்றன. செலவை அப்படியே தலைகீழாகப் போட்டால்தான் அந்த ஷெட்டுக்குள் ஆள் நுழைவார்கள்.

இது ஏதோ சிக்ஸ்பேக் ஆசைக்கான விஷயம் மட்டுமல்ல. 2024-ல் 'லான்செட் குளோபல் ஹெல்த்' மருத்துவ இதழில் வெளியான ஆய்வின்படி, இந்தியாவில் வயது வந்தவர்களில் ஏறத்தாழ பாதிப்பேருக்குப் போதிய உடலுழைப்பு இல்லை. ஆண்களில் 42 சதவிகிதம், பெண்களில் 57 சதவிகிதம். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஷெட் யாருக்காக என்ற கேள்வி வரும்போது இது தேவைப்படும்.

தகரத்துக்குக் கீழே...

முதல் எதிரி வெயில். தகரம் பகல் முழுக்கச் சூட்டை வாங்கி அப்படியே உள்ளே இறக்கும். எளிய வழி, கூரையின் மேல்பக்கம் வெள்ளை நிற 'கூல் ரூஃப்' பெயின்ட் அடிப்பது. வெள்ளைப் பரப்பு வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். தெலங்கானா அரசு 2023-ல் இதற்கென்றே தனிக் கொள்கை கொண்டுவந்தது. பட்ஜெட் இடித்தால் கூரைக்கு ஓர் அடி மேலே பச்சை நிழல்வலையை இழுத்துக் கட்டலாம். வலைக்கும் ஷீட்டுக்கும் இடையில் காற்று ஓட வேண்டும், ஷீட்டோடு ஒட்டிக் கட்டினால் பாதிப் பலன்தான். இன்னும் அழகான யோசனை அவரைப் பந்தல். மேற்குப் பக்கச் சுவரை ஒட்டி அவரையோ பீர்க்கங்கொடியோ ஏற்றிவிட்டால் சாயங்கால வெயிலை அது வாங்கிக்கொள்ளும், சமையலுக்கும் ஆச்சு. கூரை மேல் தென்னங்கீற்று வேய்வது குளிர்ச்சிதான். ஆனால், பக்கத்தில் கரன்ட் வயர் போனால் அந்த ஆசையை விட்டுவிடுங்கள்.

சூடான காற்று மேலே ஏறும். அது வெளியேற கூரையை ஒட்டி ஒரு திறப்போ எக்ஸாஸ்ட் ஃபேனோ வேண்டும். எதிரெதிர்ச் சுவர்களில் ஜன்னல் இருந்தால் இன்னும் நல்லது. மின்விசிறியைச் சுவரில் மாட்டுங்கள். தாழ்ந்த ஷெட்டில் சீலிங் ஃபேன் போட்டுவிட்டு டம்பெல்லைத் தலைக்கு மேல் தூக்கினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. இத்தனை செய்த பிறகும் கோடையில் காலை 7 மணிக்குள் முடித்துவிடுவது அல்லது இருட்டிய பிறகு தொடங்குவது உத்தமம். தலை சுற்றினாலோ, குமட்டினாலோ 'இன்னும் ஒரு செட்' வேண்டாம். வெளியே வந்து நிழலில் உட்கார்ந்து தண்ணீரோ நீர்மோரோ குடியுங்கள்.

ஆஸ்பெஸ்டாஸ் கூரை என்றால் கூடுதல் கவனம் தேவை. எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்கிறது உலக சுகாதார நிறுவனம். 60-க்கும் மேற்பட்ட நாடுகள் அதைத் தடை செய்துவிட்டன. இந்தியாவில் சிமென்ட் ஷீட்டாக இன்றும் விற்பனையில் இருக்கிறது. முழுசாக இருக்கும் ஷீட் அவ்வளவாகத் தூசி விடாது. அதைத் துளை போடுவது, அறுப்பது, உடைப்பது, கம்பி பிரஷ்ஷால் சுரண்டுவதுதான் ஆபத்து. உள்ளே மூச்சு வாங்க உடற்பயிற்சி செய்யப் போகிறோம் என்பதை நினைத்துப் பாருங்கள். ஷீட் விரிசல் விட்டு உதிர ஆரம்பித்திருந்தால் ஜிம் பட்ஜெட்டின் முதல் செலவு புதுக் கூரைதான். பெயின்ட் அடிக்கிறேன் என்று அதன் மேல் ஏறி நிற்கவும் கூடாது, உடைந்து உள்ளே விழுந்துவிடுவார்கள்.

கூரையின் உயரத்தையும் அளந்துகொள்ளுங்கள். 5 அடி 8 அங்குல உயரமுள்ளவர் கையைத் தூக்கினாலே விரல்நுனி 7 அடியைத் தாண்டும். சரிவான கூரையில் உயரமான பக்கம் நின்று செய்யும் பயிற்சிகளுக்கு, தாழ்ந்த பக்கம் பாய்க்கும் பெஞ்சுக்கும்.

சாமான்களைக் காலி செய்யும் நாளில் கையுறையும் ஷூவும் கட்டாயம். கொல்லைப்புற ஷெட்டில் தேளும் பாம்பும் வாடகை கொடுக்காமல் குடியிருக்கும். காலி செய்த கையோடு சுவருக்கும் தரைக்கும் இடையிலுள்ள பொந்துகளை சிமென்ட் வைத்து அடைத்துவிடுங்கள்.

தரையைப் பொறுத்தவரை கடப்பா கல்லும் டைல்ஸும் எடை விழுந்தால் விரிசல் விடும். கான்கிரீட் தளம், அதற்கு மேல் கனமான ரப்பர் மேட் போதும். தளம் வெளித்தரையைவிட அரை அடியாவது உயரமாக இருந்தால் மழைத் தண்ணீர் உள்ளே வராது.

கரன்ட்டில் கஞ்சத்தனம் வேண்டவே வேண்டாம். வீட்டு ஜன்னல் வழியாக எக்ஸ்டென்ஷன் பாக்ஸை இழுத்துக்கொண்டு போய், துணிக்கொடி மாதிரி தொங்கவிடும் பழக்கம் நம்மிடம் நிறைய உண்டு. வியர்த்த கை, ஈரத்தரை, இரும்புக் கூரை... மூன்றும் சேரும் இடம் இது. எலெக்ட்ரீஷியனை வைத்துத் தனி லைன், சரியான எர்த், 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. போட்டுவிடுங்கள்.

சாவி யாரிடம்?

இப்போது அந்த 57 சதவிகிதத்துக்கு வருவோம். காலையில் தெருவில் நடந்தால் பார்வைகள், ஜிம்முக்குப் போனால் கூச்சம், வீட்டுக்குள் செய்தால் ஐந்து நிமிடத்துக்கு ஒரு கூப்பாடு. பல பெண்களுக்கு உடற்பயிற்சி நின்றுபோவது இங்கேதான். வீட்டை விட்டு இருபது அடி தள்ளியிருக்கும் ஷெட் இதற்கு நல்ல பதில். ஆனால், நடப்பது என்ன? மகன் வாங்கிய பாரமான பிளேட்டுகள், சுவர் முழுக்க பாடிபில்டர் போஸ்டர். அம்மா உள்ளே போவது கூட்டிப் பெருக்க மட்டும்!

இத்தனைக்கும் அம்மா தூக்காத எடையா? ஒரு சமையல் சிலிண்டரில் 14.2 கிலோ எரிவாயு இருக்கிறது, உருளையின் எடையும் சேர்ந்தால் ஏறத்தாழ 30 கிலோ. 20 லிட்டர் தண்ணீர் கேன் 20 கிலோவுக்கு மேல். அவருக்குத் தேவை பலம் பற்றிய பாடம் அல்ல. 2 கிலோ, 3 கிலோ, 5 கிலோ டம்பெல்களும், நல்ல விளக்கும், யாரும் கதவைத் தட்டாத முக்கால் மணி நேரமும்தான். ஜன்னலுக்குத் திரை போடுங்கள். கதவுக்கு உள்ளிருந்து பூட்டிக்கொள்ளவும், அவசரத்தில் வெளியிலிருந்து சாவியால் திறக்கவும் முடிகிற லாக் மாட்டுங்கள். உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால் கதவை உடைத்துக்கொண்டிருக்க நேரமிருக்காது. சாவி சமையலறை ஆணியில் தொங்கட்டும்.

தாத்தா, பாட்டிக்கு அசையாத ஒரு நாற்காலி, சுவரில் இடுப்பு உயரத்தில் ஒரு கைப்பிடிக் கம்பி. 65 வயதைக் கடந்தவர்கள் வாரம் மூன்று நாளாவது உடலின் சமநிலைக்கான பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கம்பியைப் பிடித்தபடி ஒற்றைக்காலில் நிற்பது, நாற்காலியில் உட்கார்ந்து எழுவது எல்லாம் இதில் சேர்த்தி. இதய நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்கட்டும். எடை தூக்கும்போது மூச்சை அடக்குவது ரத்த அழுத்தத்தை ஏற்றிவிடும். இன்சுலின் போடுபவர்கள் கொஞ்சம் சர்க்கரையோ குளுக்கோஸோ கையெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், செல்போனும்.

கருவிகள்? உண்மையில் இதுதான் சின்ன வேலை. எடை மாற்றக்கூடிய டம்பெல் ஒரு ஜோடி, ரெசிஸ்டன்ஸ் பேண்ட், பாய், உறுதியான பெஞ்ச். இடமிருந்தால் ஒரு கர்லாக்கட்டை. நம் ஊர் தேகப்பயிற்சிக் கூடங்களில் மெஷின்கள் வருவதற்கு முன்பே தோள்களை உருட்டியது அதுதான். டம்பெல், பிளேட் எல்லாம் செகண்ட் ஹேண்டில் தைரியமாக வாங்கலாம், இரும்பு கெட்டுப்போகாது. ட்ரெட்மில்லை அப்படி வாங்காதீர்கள். பத்தடி ஷெட்டுக்கு 7 அடி ராடு பொருந்தாது, பிளேட் மாற்ற ஆள் நிற்க இடமிருக்காது. 5 அடி ராடு போதும். தனியாக பெஞ்ச் பிரஸ் செய்பவர்கள் பக்கத்தில் தாங்கும் கம்பிகள் உள்ள ஸ்டாண்டு இல்லாமல் ராடைத் தொட வேண்டாம். மார்பின் மேல் ராடு இறங்கிவிட்டால் வீட்டுக்குள் மிக்ஸி ஓடும் சத்தத்தில் யாருக்கும் கேட்காது. டம்பெல் என்றால் பக்கவாட்டில் போட்டுவிட்டு எழுந்துவிடலாம்.

குழந்தைகள் உள்ள வீட்டில் ட்ரெட்மில் வேண்டுமா என்று இரண்டு முறை யோசியுங்கள். அமெரிக்காவில் பெலோட்டன் நிறுவனத்தின் 'ட்ரெட் பிளஸ்' கருவியில் சிக்கி ஒரு குழந்தை இறந்தது. 2021 மே மாதம் சுமார் 1,25,000 கருவிகள் திரும்பப் பெறப்பட்டன. வாங்கியே ஆக வேண்டும் என்றால், ஓடி முடித்ததும் பிளக்கைப் பிடுங்கி, சேஃப்டி கீயையும் கழற்றி எடுத்துக்கொண்டுதான் வெளியே வர வேண்டும்.

ஷெட்டை இந்தக் கோடையில் தயார் செய்பவர்களுக்கு உண்மையான சோதனை அக்டோபரில் வரும். வடகிழக்குப் பருவமழைக்கு முன் கூரை ஆணிகளின் வாஷரைச் சரிபாருங்கள், ஒழுகல் ஆரம்பிப்பது அங்கேதான். ராடையும் பிளேட்டுகளையும் துடைத்து மெஷின் ஆயில் லேசாகத் தடவி, தரையில் வைக்காமல் ஸ்டாண்டில் ஏற்றுங்கள். சென்னை, நாகை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்றுக்கு மழைக்காலம் வரை பொறுமை கிடையாது. அங்கே மாதம் ஒருமுறை எண்ணெய் போட வேண்டியிருக்கும்.